பழைய விசிறி யார் வீட்டுக்கு வருகிறது?

பகலெல்லாம் ஸ்பின்னிங் சூட்டில் நின்று வேலை செய்துவிட்டு வரும் தொழிலாளிக்கு இரவிலாவது காற்று வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீட்டில் விசிறி இல்லாமல் குழந்தை தூங்காது. வயலில் நாள் முழுதும் குனிந்து நடவு நட்டுத் திரும்பும் விவசாயத் தொழிலாளியின் வீட்டிலும் இதே நிலைமைதான். ஆகவே மின்விசிறி இன்று ஆடம்பரப் பொருள் அல்ல; அரிசி, பருப்பைப்போல அவசியப் பொருள். இதை மறுப்பவர்கள் ஒரு மே மாத இரவை லைன் வீட்டில் கழித்துவிட்டு வந்து பேசட்டும்.

இந்த விசிறியைப் பற்றியும், பல்பு, மோட்டார், பம்புசெட் ஆகியவற்றைப் பற்றியும் நமது நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு மின்சார சாதனம் இவ்வளவு வேலைக்கு இவ்வளவுக்கு மேல் மின்சாரம் தின்னக்கூடாது என்று வரம்பு கட்டும் சட்டம் அது. இது இன்ஜினீயர்கள் பேசிக்கொள்ளும் விஷயம், நமக்கென்ன என்று தொழிலாளிகளில் பலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பது தவறு. இந்தச் சட்டத்தால் லாபம் அடைவது யார், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது நமது கூலியோடும் நமது வீட்டுக் கணக்கோடும் சம்பந்தப்பட்ட பிரச்னை.

கணக்கைப் பார்ப்போம்

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவு. பழைய ரகக் கூரை விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இன்று கடையில் பி.எல்.டி.சி. என்ற பெயரில் விற்கும் ஐந்து நட்சத்திர விசிறி அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. அதே நேரம் ஓடினால் 22 யூனிட்டுக்கும் குறைவு. புதிதாக வரும் ஒரு நட்சத்திர விசிறி இரண்டுக்கும் நடுவே, 50 வாட்டை ஒட்டி நிற்கிறது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் சர்க்கார் அறிவித்தது. வீட்டில் இரண்டு பழைய விசிறிகள் இருந்தால் அவை மட்டுமே 108 யூனிட்டை விழுங்கிவிடும். விளக்குப் போடுவதற்கு முன்பே இலவசம் தீர்ந்துவிட்டது! அதே வீட்டில் இரண்டு நல்ல விசிறிகள் இருந்தால் 44 யூனிட்டுக்குள் முடிந்து, விளக்குக்கும் டி.வி.க்கும் மிக்சிக்கும் மீதி இருக்கும்.

அப்படியானால் தொழிலாளி ஏன் நல்ல விசிறியை வாங்குவதில்லை? அவனுக்குக் கணக்குத் தெரியாததாலா? இல்லை. நல்ல விசிறி 3,000 ரூபாய் என்றும், பழைய சாமான் கடையில் கிடைப்பது 700 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கையில் 700 ரூபாய் இருக்கிறவன் 700 ரூபாய் விசிறியைத்தான் வாங்குவான். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வருஷக்கணக்கில், அந்த விசிறிக்கு மறுபடியும் மறுபடியும் விலை கொடுத்துக்கொண்டே இருப்பான். ஏழைக்கு எப்போதும் மலிவுச் சரக்கே அதிக விலையாகிறது. கந்துவட்டியில் நடப்பதும் இதுதானே!

சட்டம் என்ன செய்தது?

2001-ல் நாடாளுமன்றம் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2002-ல் அதற்கென்று மத்திய அளவில் ஓர் அலுவலகம் அமைந்தது. சாதனங்களுக்கு நட்சத்திரச் சீட்டு ஒட்டும் முறை 2006-ல் ஆரம்பமாயிற்று. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை. நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறைவு. 2010-ல் ஏ.சி., குழல் விளக்கு, ஒருவகை பிரிட்ஜ், தெருவோர டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. கூரை விசிறிக்கு எப்போது கட்டாயமாயிற்று? 2023 ஜனவரி முதல் தேதியில்! அதுவரை விருப்பப்பட்ட உற்பத்தியாளர் ஒட்டலாம், விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. பணக்காரன் வீட்டு ஏ.சி.க்கு வந்த கட்டுப்பாடு ஏழை வீட்டு விசிறிக்கு வந்துசேர 13 வருஷம் ஆயிற்று.

சீட்டு ஒட்டுவது வேறு, கட்டாயம் என்பது வேறு. இந்த வித்தியாசத்தை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீட்டு என்பது யோசனை சொல்லுவது: ‘இது நல்லது, இது மோசம், பார்த்து வாங்கு’ என்பது. கட்டாயம் என்பது கதவடைப்பது: ‘ஒரு நட்சத்திரத்துக்கும் கீழான சரக்கு கடைக்கே வரக்கூடாது’ என்பது. கையில் காசு உள்ளவனுக்கு யோசனை போதும். காசில்லாதவனுக்கு யோசனையால் பயன் இல்லை. அவனைக் காப்பாற்றுவது கட்டாயம்தான்.

‘வாங்குகிறவன் சுதந்திரத்தில் சர்க்கார் தலையிடலாமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். யாருடைய சுதந்திரம்? லைன் வீட்டில் விசிறியை மாட்டுகிறவர் வீட்டுச் சொந்தக்காரர். மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறவன் குடியிருப்பவன். சொந்தக்காரருக்கு விலை குறைந்த விசிறியில் லாபம். மின்கட்டணம் அவருடைய கவலை அல்ல. அதோடு பல இடங்களில் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாடகைக்காரனிடம் வசூலிக்கிறார்கள். சர்க்கார் கொடுக்கும் இலவச யூனிட் சொந்தக்காரர் பெயரிலேயே நின்றுவிடுகிறது. இந்த வீட்டில் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பவர் வேறொருவர். 8 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஒரு விசிறியை மாற்றுவதால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 260 ரூபாய் மிஞ்சும். அதிகமாகக் கொடுத்த 2,300 ரூபாயும் ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடும். ஆனால் அந்த 2,300 ரூபாயை இன்று எடுத்துக் கொடுப்பவர் யார்?

‘விலை ஏறிவிடும்’ என்ற பூச்சாண்டி

எந்த நாட்டிலும் தரத்துக்கு வரம்பு கட்டும்போது உற்பத்தி முதலாளிகள் ஒரே குரலில் சொல்லுவது: ‘விலை ஏறிவிடும், ஏழைகள் வாங்க முடியாமல் போய்விடும்.’ ஏழைகள்மீது அவர்களுக்கு அந்தச் சமயத்தில் மட்டும் அன்பு பொங்குகிறது.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். 1970-களின் ஆரம்பத்தில் அங்கே ஒரு பிரிட்ஜ் வருஷத்துக்குச் சராசரியாக 1,800 யூனிட் அளவில் மின்சாரம் தின்றது. கலிபோர்னியா மாகாணம் 1974-ல் சட்டம் இயற்றி வரம்பு கட்டத் தொடங்கியது. மற்ற மாகாணங்களும் தனித்தனியே கட்டத் தொடங்கியதும், நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு இருக்கட்டும் என்று உற்பத்தியாளர்களே இறங்கிவந்தார்கள். 1987-ல் தேசியச் சட்டம் பிறந்தது. 2001-ல் வந்த வரம்பின்படி பிரிட்ஜின் செலவு 500 யூனிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் பிரிட்ஜ் பெரிதாகியது; விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் அதன் விலை குறைந்தது. முடியாது என்று சொல்லப்பட்ட காரியம், கட்டாயம் வந்ததும் முடிந்துவிட்டது.

நமது நாட்டு உதாரணம் இன்னும் தெளிவானது. பொதுத்துறை மின்நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். என்ற நிறுவனம் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. 2014 ஆரம்பத்தில் ஒரு பல்புக்கு அது கொடுத்த விலை 310 ரூபாய். 2016-ல் அதே ரகப் பல்பு 38 ரூபாய்க்குக் கிடைத்தது! 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் இந்தத் திட்டத்தில் வினியோகமாயின. 60 வாட் குண்டு பல்பு எரிந்த குடிசையில் இன்று 9 வாட் பல்பு எரிகிறது. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் ஆன இடத்தில் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. கோடிக்கணக்கில் நாங்கள் வாங்குகிறோம், தரம் இது, விலையைச் சொல் என்று பொது நிறுவனம் கேட்டது. உற்பத்தியாளர்கள் விலையைக் குறைத்தார்கள். இதைப் பல்புக்குச் செய்ய முடிந்ததென்றால் விசிறிக்கு ஏன் முடியாது? 2011-ல் தமிழ்நாட்டு சர்க்கார் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியதை நாம் பார்த்தோம். ஆகவே சர்க்காரால் இவ்வளவு பெரிய அளவில் வாங்க முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சட்டம் கடைவாசலில் நின்றுவிடுகிறது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தத் தரச் சட்டம் நல்ல சட்டம். அதை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்பதே நமது கருத்து. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது புதுச் சரக்கை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஏழைகளோ பழைய சரக்கில் வாழ்கிறார்கள்.

பங்களாவில் ஐந்து நட்சத்திர விசிறி மாட்டுகிறார்கள். அங்கே கழற்றிய 75 வாட் விசிறி எங்கே போகிறது? உலைக்கா? இல்லை. பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து நமது லைன் வீட்டுக்கு வருகிறது. பெரிய மில்லில் புது மோட்டார் இறக்குகிறார்கள். கழற்றிய மோட்டார் ஏலத்தில் போய் விசைத்தறிக் கூடத்திலும் சின்னப் பட்டறையிலும் உட்காருகிறது. பெரிய பண்ணையார் புது பம்பு வாங்குகிறார். பழைய பம்பு இரண்டு ஏக்கர்காரன் கிணற்றில் இறங்குகிறது. மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மறுபடி ஓட்டுகிறான். பழைய காயிலைச் சூடாக்கி எரித்துப் பிய்த்துச் சரியான அளவுக் கம்பி இல்லாமல் கட்டும்போது, மோட்டார் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறனை இழக்கிறது. இப்படி மின்சாரம் தின்னும் பழைய யந்திரங்கள் எல்லாம் படிப்படியாகக் கீழே இறங்கி, பணம் கட்டச் சக்தியில்லாதவன் தலையில் வந்து விழுகின்றன. மிச்சம் மேலே போகிறது. செலவு கீழே வருகிறது.

மில்லில் என்ன நடக்கிறது?

பத்துக் குதிரைசக்தி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வதேசத் தர வரிசையில் ஐ.இ.1 என்ற கீழ்ப்படி மோட்டாரின் திறன் 86 சதவீதம், ஐ.இ.3 என்ற உயர்படி மோட்டாரின் திறன் 90 சதவீதத்துக்குச் சற்று மேல். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று ஷிப்டும், வருஷத்தில் 300 நாளும், முழுச் சுமையில் ஓடும் மோட்டார் 60,000 யூனிட்டுக்கு மேல் தின்கிறது. நாலு சதவீத வித்தியாசம் வருஷத்துக்கு ஒரு மோட்டாரில் சுமார் 3,000 யூனிட். மில்லில் இப்படி எத்தனை மோட்டார்கள்! நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம் என்று முதலாளிகளே கூலிப் பேச்சுவார்த்தையில் புலம்புகிறார்கள். மிச்சம் வரும்போது மட்டும் அந்தக் கணக்கு மேஜைக்கு வருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்வதுதான் திறன். வேலையையே குறைத்துவிட்டு மின்சாரம் மிச்சம் என்பது திறன் அல்ல, பறிப்பு. டிபார்ட்மெண்டில் ஈரக்காற்றைச் செலுத்தும் விசிறிகளைப் பாதியாக நிறுத்திவிட்டு, பஞ்சுத் தூசியிலும் சூட்டிலும் தொழிலாளியை வாட்டி, ‘மின் சிக்கனம்’ என்று போர்டு எழுதி மாட்டுவதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அந்த விசிறியின் மோட்டாரை மாற்று, காற்றைக் குறைக்காதே என்பதே நமது பதில்.

வயலில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. அது விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை. அதில் யாரும் கைவைக்க நாம் சம்மதியோம். ஆனால் பம்பின் திறன் என்ன? நாட்டில் பல இடங்களில் பழைய பம்புசெட்டுகள் 20, 30 சதவீதத் திறனில் ஓடுகின்றன. 25 சதவீதத்தில் ஓடும் பம்பு 100 யூனிட்டில் இறைக்கும் தண்ணீரை, 45 சதவீதத் திறனுள்ள பம்பு 56 யூனிட்டில் இறைத்துவிடும். மீதி 44 யூனிட் யாருக்கும் பயனின்றிச் சூடாகப் போகிறது. அந்த மின்சாரத்துக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. தூத்துக்குடியில் நிலக்கரி எரிகிறது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டத்தின் அளவு புரியும்.

விவசாயி மின்சாரத்துக்குப் பணம் கட்டாததால் நல்ல பம்பில் அவனுக்கு நேரடி லாபம் இல்லை. லாபம் மின்வாரியத்துக்கு. ஆகவே பம்பை மாற்றும் செலவும் வாரியத்தையும் சர்க்காரையும் சேர்ந்ததே தவிர, விவசாயியைச் சேர்ந்தது அல்ல. லோ வோல்டேஜில் புது மோட்டாரும் எரியும். ஆகவே லைனையும் டிரான்ஸ்பார்மரையும் சீர்ப்படுத்தாமல் பம்பை மட்டும் மாற்றுவது வீண். இன்னொன்றும் உண்டு: திறன் கூடிய பம்பு என்ற பெயரில் அதிகத் தண்ணீரை உறிஞ்சும் பம்பை இறக்கினால், ஆழ்குழாய்க் கிணறு உள்ளவன் வயல் நனையும், பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றும். அவன் நடவை நிறுத்தினால் வேலை இழப்பது விவசாயத் தொழிலாளி. கிணறே இல்லாதவனுக்கும் பம்பின் தரத்தில் அக்கறை இருப்பது இதனால்தான்.

நமது பக்கத்துக் கேள்வி

தரம் கடுமையானால் கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் சின்னப் பட்டறைகள் என்ன ஆகும் என்று நமது தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நல்ல மோட்டாருக்கு அதிகச் செம்பு வேண்டும், உயர்ந்த ரக எஃகுத் தகடு வேண்டும், ஒவ்வொரு மாதிரிக்கும் சோதனைக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு நாள் விளம்பரச் செலவு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இது கழுத்துச் சுருக்கு. பட்டறை மூடினால் பத்துக் குடும்பம் தெருவில் நிற்கும்.

இதற்காகத் தரத்தையே தள்ளிப்போடு என்று நாம் சொல்லமாட்டோம். மோசமான மோட்டாரால் பட்டறைத் தொழிலாளியின் சகோதரனான விவசாயிதான் நஷ்டப்படுகிறான். பட்டறைக்குத் தேவை தவணையும் துணையும்: முன்கூட்டியே தேதி அறிவிப்பு, சின்னப் பட்டறைகளுக்குப் பொதுச் செலவில் சோதனை, தகடும் செம்பும் நியாய விலையில் வாங்க ஏற்பாடு. இவை இல்லாமல் தரத்தை மட்டும் திணித்தால் தொழில் முழுவதும் நாலைந்து பெரிய கம்பெனிகள் கைக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு விலையை நிர்ணயிப்பவர்கள் அவர்களே.

‘ஏழைக்கு நல்ல விசிறி கொடுத்தால், மிஞ்சிய மின்சாரத்தில் இன்னொரு விசிறி போடுவான், நாட்டுக்கு என்ன மிச்சம்?’ என்று பேசுகிற மேதாவிகளும் இருக்கிறார்கள். போடட்டுமே! ஒரு விசிறியின் கீழ் ஆறு பேர் படுத்த வீட்டில் பாட்டிக்கும் ஒரு விசிறி கிடைத்தால் அது வீண் அல்ல. அதுவே இந்தத் திட்டத்தின் பலன்.

நமது கோரிக்கைகள்

1. தரத்தின் கீழ்ப்படியை வருஷக்கணக்கில் தேங்கவிடாமல் உயர்த்த வேண்டும். சந்தையில் உள்ள நல்ல சரக்கையே அடுத்த வரம்பாக வைக்கும் முறையை ஜப்பான் 1999-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நமக்கும் அது ஆகும்.

2. பல்பை வாங்கியதுபோல விசிறியையும் பொது நிறுவனம் மொத்தமாக வாங்கி, மின்கட்டணத்தோடு சிறு தவணையில், வட்டியின்றிக் கொடுக்க வேண்டும். வாடகைக்காரனும் பெற வழி இருக்க வேண்டும்.

3. புது விசிறி, புது மோட்டார், புது பம்பு வாங்கும்போது பழையதைச் சர்க்காரே விலை கொடுத்து வாங்கி உடைத்து உலைக்கு அனுப்ப வேண்டும். அது மறுபடி ஏழை வீட்டுக்கு வரக்கூடாது.

4. தனி மீட்டர் வைத்து வாரியக் கட்டணத்துக்கு மேல் வசூலிக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களைத் தடுத்து, இலவச யூனிட் குடியிருப்பவனுக்கே சேரச் செய்ய வேண்டும்.

5. கடையில் விற்கும் சரக்கை அதிகாரிகள் எடுத்துச் சோதித்து, சீட்டில் ஒன்றும் யந்திரத்தில் ஒன்றுமாக இருந்தால் உற்பத்தியாளர் பெயரைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

6. மில்லில் மின்சார மிச்சக் கணக்கைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு கூலியிலும், காற்றோட்டம் முதலிய வசதிகளிலும் திரும்பி வர வேண்டும்.

இவை தாமாக வந்துவிடா. அடுத்த சங்கக் கூட்டத்தில் மின்கட்டணச் சீட்டை எடுத்து வாருங்கள். லைன் வீட்டில் எத்தனை விசிறி, எத்தனை வாட் என்று எண்ணிப் பாருங்கள். கிராம சபையில் பம்பையும் டிரான்ஸ்பார்மரையும் பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள். கடைக்குப் போனால் நட்சத்திரத்தோடு சீட்டில் உள்ள வருஷத்தையும் பாருங்கள். அளவுகோல் மாறிக்கொண்டே வருவதால், பழைய வருஷத்து ஐந்து நட்சத்திரம் இந்த வருஷத்து ஐந்தாக இருக்காது.

மின்சாரத்தை வீணாக்காத யந்திரத்தைச் செய்யத் தொழிலாளியின் கைக்குத் தெரியும். அந்த மோட்டாருக்குக் காயில் சுற்றுவதும் அவன்தான், தகடு அடுக்குவதும் அவன்தான். செய்தவன் வீட்டுக்கு நல்ல விசிறி போக வேண்டும், கழித்துப் போட்ட விசிறி அல்ல.